சரோஜா ஆன்ட்டி வரைந்த அட்டை

மைசூர் தேவராஜ மார்க்கெட் பக்கம் எங்கள் பஸ் நிற்கிறது. பழைய பாட்டு ரசிகர்கள் நாங்கள் ஒரு கப்பலையே முழுசாக வாடகைக்கு எடுத்து, அதில் ஏறக் கொச்சிக்குக் கிளம்புகிறோம். விஜயநகரிலிருந்து ராகவன் அங்கிள் ஓர் அட்டையோடு வந்திருக்கிறார். எங்களோடு வரவேண்டிய அவர் மனைவி சரோஜா ஆன்ட்டி போன மாதம் இறந்துவிட்டார்.

"கப்பல்ல அப்படி என்னம்மா இருக்கும்?"

நான் மூச்சுவிடாமல் சொல்கிறேன். வெளியாள் ஒருத்தர்கூட இல்லை, சாப்பிடும்போதும் பாட்டு, ஒவ்வொரு நாள் மாலையும் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை. கேபின் கதவை அவரவரே அலங்கரிக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் யார் எங்கே என்று கண்டுபிடிப்போம்.

"ஹௌதா, அப்படியா? அதுக்குத்தான் இத வரைஞ்சாளா."

அட்டையில் மல்லிகைக் கொடிக்கு நடுவே இரண்டு பெயர்கள்: சரோஜா, ராகவன்.

"நான் வரலன்னு எத்தன தடவ சொன்னேன். என் பேரையும் எழுதி வச்சிருக்கா பாரு."

"உங்க இடம் அப்படியேதான் இருக்கு அங்கிள். உங்களுக்கும் சேர்த்துப் போட்ட டிக்கெட்ட ஆன்ட்டி கேன்சல் பண்ணவே இல்ல. ஏறுங்க."

அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் ஒரு காலை வைக்கிறார். உள்ளே எல்லோரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சற்று நின்று கேட்டுவிட்டுக் காலை இறக்கிக்கொள்கிறார்.

"அவ கூப்பிட்டப்போ வரல. இப்போ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதும்மா?"