எல்லாத்துக்கும் ஒரே ஸ்க்ரூ

வைட்ஃபீல்டைத் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் கரண்ட் மீட்டர் பெட்டிகளுக்கு மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்குவதுதான் எங்கள் வேலை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். ஸ்க்ரூவில் மூன்று தினுசு: தலையில் ஒரு கோடு போட்டது மைனஸ், சிலுவை போட்டது ப்ளஸ், ஆறு முனையாக வெட்டியது ஸ்டார். ஒரே பெட்டிக்கு மூன்றும் வரும். எந்த மகராசன் யோசித்த யோசனையோ தெரியாது.

இதில் ப்ளஸ்தான் எமன். தோளிலிருந்து பலம் கொடுத்து அழுத்தினால்தான் பிடிக்கும். கொஞ்சம் தளர்ந்தாலும் வழுக்கி, தலை தேய்ந்துவிடும். என் பக்கத்தில் நின்றவள் கோலார் தங்கவயலிலிருந்து விடியற்கால ரயிலைப் பிடித்து வருகிறவள். சுரங்கம் மூடிப்போன ஊரில் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போய், டிபன் பாக்ஸை நான்தான் திறந்து கொடுப்பேன். வேகம் குறைந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் அவள் அழுத்த அழுத்த, கை இன்னும் மோசமானது.

அப்போதுதான் டிசைன் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இனி எல்லாப் பெட்டிக்கும் ஒரே வகை ஸ்க்ரூதானாம். எது தோது என்று முடுக்குகிறவர்களையே கேட்கப் போகிறார்களாம். எங்களை அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்கினார்கள். எனக்கு அந்த வியாதி கிடையாது. ஸ்டார் என்றேன். வைத்தால் கவ்விக்கொள்ளும், அழுத்தவே வேண்டாம், இந்தப் பெண் படும் பாட்டைப் பாருங்கள் என்று அவள் கையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தார்கள். போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டார் வந்தது. தீபாவளிக்குள் அவள் கையில் வீக்கம் வடிந்தது. டிபன் பாக்ஸைத் தானே திறந்து எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பொங்கல் கழிந்ததும் மெஷின் வந்தது. மூன்று தினுசையும் மாற்றி மாற்றி முடுக்க அதனால் முடியாதாம், ப்ளஸ் வழுக்கினால் நின்றுவிடுமாம். ஒரே வகை, அதுவும் வழுக்காத வகை என்றால் நாள் முழுக்க ஓடுமாம். இதை எங்களுக்கு விளக்கிய என்ஜினியர் நன்றி வேறு சொன்னார். வரிசையில் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவளும் நானும் அதில் இல்லை.

கடைசி நாள், கேட்டுக்கு வெளியே, அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. எதற்குக் கேட்பது? இன்னொரு தடவை கேட்டாலும் ஸ்டார் என்றுதான் சொல்வேன். அதற்குள் அவளே பேசினாள்.

"பக்கத்து அபார்ட்மெண்ட்ல பாத்திரம் கழுவ ஆள் வேணுமாம்க்கா. கையில ஏதாச்சும் பிரச்சினை இருக்கான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."