காப்பிப் பூவைச் சுற்றிப் போன வழி

மார்ச், சனிக்கிழமை. காலை 6.40க்குச் சேலத்தில் பேருந்து ஏறினேன். பையில் ஒரு மாற்றுச் சட்டை, மனைவியின் இடமாறுதல் விண்ணப்பம். எட்டு மாதமாக அவள் ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் பள்ளி ஆசிரியை. விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவதில் காது அடைத்தது.

8.05, ஏற்காட்டின் ஒண்டிக்கடை நிறுத்தம். காப்பி பதினைந்து ரூபாய். அதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்: "டீச்சர் ஊட்டுக்காரருங்களா? வெலையெல்லாம் நோட்டுல எழுதுவாருன்னு சொல்லியிருக்காங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "டீச்சரக் கீழ கூட்டிக்கிட்டுப் போயிர மாட்டீங்களே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலத்தில் அவளை என் மனைவி என்றுதான் சொல்வார்கள்; இங்கே நான் டீச்சர் வீட்டுக்காரர்.

9.10, கொட்டச்சேடு. பத்து நாளுக்கு முன் பெய்த மழைக்குக் காப்பிச் செடிகள் பூத்திருந்தன. கிளை தெரியாமல் வெள்ளை. மல்லிகைக்குப் பக்கத்தில் வரும் மணம். நேரம் மிச்சமாகட்டும் என்று தோட்டத்தின் குறுக்கே இறங்கினேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாள் தடுத்தார்.

"ஏனுங்க, பூவுக்குள்ள நடக்காதீங்க. ஒரசுனா கொட்டிப்போயிருமுங்க. டீச்சரே தெனமும் சுத்தித்தான் போறாங்க."

நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மாறியது. டீச்சர் மாற்றல் வாங்கப்போவது நிஜமா என்று கேட்டார்.

சுற்றுவழி பதினொரு நிமிடம் அதிகம். சேலத்தில் பால் வாங்கக்கூடக் குறுக்குச் சந்தில் போகிறவள், இங்கே யாருடைய பூவுக்காகவோ போக வர இருபத்திரண்டு நிமிடம் கூடுதலாக நடக்கிறாள். அந்த வழி முழுக்க அதையே கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வாசலில் அவள் என்னை நலம் விசாரிக்கவில்லை. என் தோளிலிருந்து ஒரு பூவிதழை எடுத்து, "குறுக்கால வந்தீங்களா?" என்றாள். குரலில் கோபம்.

விண்ணப்பத்தை முழுக்கப் படித்து, மடித்து என்னிடமே தந்தாள்.

"இந்தப் பூ பழமாக டிசம்பர் ஆகுமுங்க. அதப் பாக்காம எப்படிங்க வர்றது?"

எட்டு மாதம் தனியாக இருந்துவிட்டேனே என்றேன்.

"சனிக்கெழம சனிக்கெழம வாங்களேன். வழிதான் தெரிஞ்சிருச்சே."

மாலை 4.30க்குத் திரும்பும் பேருந்து. டீச்சர் இங்கேயே இருப்பார்களா என்று நடத்துனரும் கேட்டார். இருப்பார்கள் என்றேன். சனிக்கிழமைப் பேருந்து நேரங்களை அவரிடமே கேட்டு, விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அவள் எப்போது வருவாள் என்று எங்கள் தெருவில் இந்த எட்டு மாதத்தில் ஒருவரும் கேட்டதில்லை. போய்விடுவாளோ என்று இங்கே ஒரே நாளில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.