கருங்காலிக்குக் கிடைத்த வார்த்தை

ஹெல்ம்ஷா தீயணைப்பு நிலையத்தில் க்ளிஃப் என்ட்விசில் போல வாயாடி கிடையாது. பஞ்சாலைத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். மனிதர் மூச்சு விடும் நேரத்தில்தான் நாம் பேச முடியும். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருவனிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தார். அந்தப் பாவி லென் பில்லிங். பாவி என்று நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. சரி, நானும்தான் சொன்னேன்.

லென் அதே நிலையத்தில் வேலை பார்த்தவன், அவருக்கு உயிர்த் தோழன், அவர் மகளுக்கு ஞானத்தந்தை. எழுபத்தேழாம் வருடக் குளிர்காலத்தில் சம்பள உயர்வு கேட்டு நாட்டிலுள்ள தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இவர்களுக்குப் பதிலாகத் தீயை அணைக்க அரசாங்கம் ராணுவத்தை அனுப்பியது, கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பச்சைத் தீயணைப்பு வண்டிகளோடு. சிப்பாய்கள் சின்னப் பையன்கள். அவர்கள் மேல் க்ளிஃபுக்குக் கோபம் இல்லை.

ஊர் ஜனங்கள் மறியல்காரர்களுக்கு உருளைக்கிழங்கு மூட்டை கொடுத்தார்கள். லென் வீட்டில் பிரசவம் நெருங்கியிருந்ததால் தன் பங்கில் பாதியை க்ளிஃப் அவன் வாசலுக்கே தூக்கிக்கொண்டு போனார். "நீ இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்," என்று லென் கண்கலங்கி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை நிலைய வாசலில் தகர டிரம்மில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சை வண்டி உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுகிற சிப்பாய்க்குப் பக்கத்துச் சீட்டில், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, கையை நீட்டி வழி காட்டியபடி லென் உட்கார்ந்திருந்தான். கிழங்கை வாங்கும்போதே ராணுவத்துக்கு வழிகாட்டப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்!

"அவனைத் தலைமுழுகிட்டேன்," என்று மனைவி பிரெண்டாவிடம் சொன்னார். "சாகிற வரைக்கும் அவனுக்கு என் வாயிலேருந்து ஒரு வார்த்தை கிடைக்காது. திட்டுக்கூடக் கிடைக்காது."

"திட்டாம உன்னால இருக்க முடியுமா?"

"பாரு."

வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். சொன்னபடியே செய்தார் மனிதர். நிலையத்தில் எல்லோருக்கும் டீ போடுவது அவர்தான். லென்னின் கோப்பை மட்டும் கொக்கியிலேயே தொங்கியது. அவசரம் என்றால் நடுவில் யாரையாவது வைத்து, "அவன்கிட்ட குழாயை இழுக்கச் சொல்லு," என்பார். மற்றவர்கள் நாளாக ஆக இளகினார்கள். க்ளிஃப் இளகவில்லை.

ஒரு மத்தியானம் கம்பளக் கிடங்கு ஒன்று தீப்பிடித்துக்கொண்டது. இருவரையும் ஒன்றாக மாடிக்கு அனுப்பினார்கள். லென் முன்னால், இவர் பின்னால். புகைக்குள் பலகை முறியும் சத்தம் க்ளிஃபுக்குக் கேட்டது. 'நில்லு' என்று ஒரு கத்தல் போதும். அவர் கத்தவில்லை. லென்னின் கையைப் பிடித்துப் பின்னால் சுண்டி இழுத்தார். முன்னால் தரை அப்படியே கீழே போனது.

உயிர் பிழைத்தான், தோள்மூட்டு போய்விட்டது. வெளியே தெருவோரத்தில் உட்கார்ந்து அழுதான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேனேடா! அதுக்குக்கூட நான் லாயக்கில்லையா?"

க்ளிஃப் தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தோளோடு லென்னின் வேலையும் போயிற்று. அன்று இரவு க்ளிஃப் நிம்மதியாகத் தூங்கினார் என்பதை மறைக்க மாட்டேன்.

இருபத்தைந்து வருடம் ஓடியது. மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி ராணுவம், பழைய பச்சை வண்டிகளும் மறுபடி. ஓய்வு பெற்றிருந்த க்ளிஃப் மறியல்காரர்களுக்கு இறைச்சிப் பணியாரம் வாங்கிக்கொண்டு போனார். டிரம் நெருப்புப் பக்கத்தில் ஒரு தோள் சரிந்த கிழவன் நின்றுகொண்டிருந்தான். காலடியில் உருளைக்கிழங்கு மூட்டை.

க்ளிஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது பார்த்து பச்சை வண்டி வந்தது. மறியல்காரர்கள் கூச்சல் போட்டார்கள். லென்னும் நல்ல கையை உயர்த்தி, "வெட்கமா இல்ல? ஊரான் சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்களே!" என்று கத்தினான்.

இதை எப்படிப் பொறுப்பது?

"கருங்காலி!" க்ளிஃபின் குரல் தெருமுனை வரைக்கும் போனது. "அதே சீட்டுல உக்காந்து போனவன்தானடா நீ! என் கிழங்கைத் தின்னுட்டுப் போனவன்தானடா!"

லென் மெல்லத் திரும்பினான். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு.

"பேசிட்டியா? அப்பாடா. இன்னும் நாலு திட்டு, க்ளிஃப்."

அப்போதுதான் க்ளிஃபுக்கு உறைத்தது. பணியாரப் பையைக் கீழே போட்டுவிட்டு விறுவிறு என்று வீட்டுக்கு நடந்தார்.

"ஏமாந்துட்டேன், பிரெண்டா. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரே நிமிஷத்துல தூக்கிக் கொடுத்துட்டேன். வாங்கிட்டுச் சிரிக்கிறான்!"

பிரெண்டாவும் சிரித்தாள். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க?"

"கொடுத்ததுதான் கொடுத்தாச்சு," என்றார் க்ளிஃப், தொப்பியைத் தேடியபடி. "அந்த நாய்க்கு மிச்சத்தையும் முழுசாக் கொடுத்துட்டு வரேன். சாயங்காலம் ஆகும்."