தீப்பிடிக்காத கேஸ்

கூலிக்குப் போய்வந்த வயல்களெல்லாம் வீட்டுமனைகளான வருஷம், ஏழுமலை மனைவி பச்சையம்மாளோடு வரதய்யபாளையத்திலிருந்து திருப்பதிக்கு வந்து பலூன் விற்கத் தொடங்கினார்.

இரும்பு சிலிண்டரில் தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் விட்டு, அலுமினியத் துண்டுகளைப் போட்டு மூடினால் உள்ளே ஹைட்ரஜன் பொங்கும். முதலில் வருவதில் காற்று கலந்திருக்கும். அதை வெளியே விட்டுவிடுவார். பிறகு தள்ளி நின்று, சோப்புக் குமிழி ஒன்றில் கேஸை அடைத்துத் தீக்குச்சி காட்டுவார். படாரென்று வெடித்தால் இன்னும் காற்று இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் சுத்தம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் இதைச் செய்யாமல் பலூன் அடைத்ததில்லை. எவ்வளவு சுத்தமானாலும் எரியும் என்பது அவருக்குத் தெரியும்.

புதிதாகத் திறக்கவிருந்த மூன்று மாடித் துணிக்கடையின் மேனேஜர் புருஷோத்தமன் கூப்பிட்டனுப்பினார். திறப்புவிழா நல்லபடியாக நடந்தால் வாசல் நிழலில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம்.

"தீப்பிடிக்காத கேஸ்தானே, ஏழுமலை? முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு."

தீப்பிடிக்காத ஹீலியத்தை மெட்ராஸிலிருந்து கொண்டுவர வேண்டும். அது அவருக்குக் கட்டுப்படியாகாது.

"பிடிக்காது சார்."

வீட்டில் பச்சையம்மாள் கேட்டாள்: "இன்னாய்யா, வாய் கூசாம சொல்லிட்டு வந்துகிற?"

"வெயில்ல நின்னு நின்னு செத்துக்கினு கீறோம். நீ கம்முனு கயித்தப் புடி."

திறப்புவிழா அன்று ஐம்பது பலூன்களின் கயிற்றைப் பிடித்தபடி அவள் வாசலில் நின்றாள். திருஷ்டிப் பூசணிக்காய் சுற்றுவார்கள் என்பது ஏழுமலைக்குத் தெரியும். தெருவில் சுற்றுவார்கள் என்று நினைத்திருந்தார். கற்பூரம் எரியும் காயோடு ஆள் நேராக வாசற்படிக்கு வந்தான். முதலாளி பக்கத்திலேயே நின்றார். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. ஏழுமலையின் வாய் திறக்கவில்லை.

"பச்சை, நவுருடி!" என்று அவர் கத்தியது மூன்றாவது சுற்றில்.

பகல் வெளிச்சத்தில் தீ சரியாகக்கூடத் தெரியவில்லை. உருகிய ரப்பர் அவள் வலது கையில் அப்பிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, "கற்பூரம் செதறிடுச்சும்மா" என்றாள் பச்சையம்மாள். கடையிலும் அப்படியே நம்பினார்கள். வேலை கிடைத்தது.

"இனிமே வெறும் காத்தே போதும்ப்பா" என்றார் மேனேஜர்.

காற்றடைத்த பலூன் மேலே போகாது. ஏழுமலை ஊதிக் கொடுப்பதை அவள் இடது கையாலும் பல்லாலும் குச்சியில் கட்டுகிறாள். வலது கை விரல்கள் மடங்குவதில்லை.

ஒருநாள் குழந்தைக்குப் பலூன் வாங்க வந்த பெண், "இது தீப்பிடிக்காதே?" என்று கேட்டாள்.

பச்சையம்மாள் நிமிராமல் சொன்னாள்: "அந்த ஆளையே கேளும்மா. அவருக்குத்தான் தெரியும்."