கப்பல் மரக் கதவு

ஓமான் கடற்கரைக் கிராமம். ஒரு மீனவப் பெரியவர் வீட்டில் கஹ்வாக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். மணல் பறக்கிறதே என்று, வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்துகிறேன். பெரியவர் ஓடிவந்து திறந்து, கல்லை முட்டுக் கொடுக்கிறார்.

"நல்ல மரம். இந்தியத் தேக்கா?" என்று கதவைத் தடவியபடி கேட்கிறேன்.

மஸ்கட் நகரத்து ரூவியில் வேலை பார்த்தபோது பழகிய இந்தியில், என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்: "உங்க ஊர்ப் பாய்மரக் கப்பலோடது, பாய். பாட்டன் பூட்டன் காலத்துல இங்க பாறையில மோதி உடைஞ்சுது. தண்ணியில கிடந்தவங்க கத்தினாங்களாம். எங்க ஆளுங்க மரத்தைத்தான் முதல்ல கரையேத்தினாங்க."

நான் கதவிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறேன்.

"அதனால ராத்திரிகூட இதைச் சாத்துறதில்ல. இனிமே யாராவது கத்தினா எங்களுக்குக் கேக்கணும்ல."