ஒட்டுப்பால் வாடை அடித்த கம்ப்யூட்டர்

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒட்டுப்பால் வாடையைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... மரத்தில் வெட்டிய கோட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைப் பிய்த்துச் சேர்ப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். இரண்டு நாள் சாக்கில் கிடந்தால் போதும், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டீர்கள்.

என்னுடைய முதல் வேலையின் வாடை அது.

எஹலியகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பத்தொன்பது வயதில், டவுனில் ஆறு மாத கோர்ஸ் முடித்த கையோடு, நான் கம்ப்யூட்டர் டீச்சர். தோட்ட ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றைப் பழைய பிள்ளைக்காம்பராவில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டடம். தொட்டில் கட்டிய கம்பிகூட அப்படியே இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், படிக்கப் பதினொரு பேர்.

தோட்ட மேனேஜரான பெரிய துரை ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் என் வேலை போய்விடும்.

நானோ பயந்தாங்கொள்ளி. தூரத்தில் இடி முழங்கினாலே ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

ஆபீசில் யாரோ ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கார் ரேஸ் கேம் போட்டு வைத்திருந்தார்கள். கறுப்புத் திரையில் அதன் பெயரை டைப் பண்ணி என்டர் தட்டினால், டிஸ்க் "கிர்ர்... கிர்ர்..." என்று முனகும். பிறகு ஒரு சிவப்புக் கார் வரும். அரை மணி நேரம் டைப்பிங், அப்புறம் ஆளுக்கு ஓர் ஆட்டம். அந்த ஆட்டத்துக்காகத்தான் டைப்பிங்கே படித்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது.

கேமில் செல்வி அக்காவை அடிக்க ஆளில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காலையில் பால் வெட்டு, மத்தியானம் வகுப்பு. மழை நாளில் பால் வெட்டு இல்லாததால் காலையிலேயே வந்து குந்திவிடுவார். அவர் கார் ரோட்டு ஓரத்தை உரசுகிற மாதிரிப் போகும், ஆனால் உரசாது.

"எப்பிடிக்கா?" என்று கேட்டேன்.

"பட்டைய வெட்டணும், மரத்துல கத்தி படக்கூடாது. அதே கைதான் டீச்சர்."

ஒருநாள் டிஸ்க் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. கேம் பாதியில் நின்றது.

"உள்ள ஏதோ லூசா ஆடுது டீச்சர். ஒட்டுப்பால் கொஞ்சம் முட்டுக் குடுத்தா கம்முனு நிக்கும்," என்றார் செல்வி அக்கா.

"கம்ப்யூட்டருக்கு ஒட்டுப்பாலா? ஒங்களுக்கென்ன பைத்தியமாக்கா?"

சொன்னேனே தவிர, கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைக் கழற்றியது நான்தான். டிஸ்க்கைப் பிடித்திருக்க வேண்டிய நாலு ஸ்க்ரூவில் மூன்று இல்லை. அக்கா ஒட்டுப்பாலைத் துண்டு துண்டாகச் சுற்றிலும் அமுக்கிவிட்டார். சத்தம் நின்றது. ஆனால் கம்ப்யூட்டர் சூடேறச் சூடேற, வாடை கிளம்பியது...

அடுத்த வாரம் துரை வந்தார். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"மொகத மே கந்த?"

என்ன நாற்றம் இது என்று சிங்களத்தில் கேட்டார். இவர்கள் வேலைக்காட்டிலிருந்து குளிக்காமல் நேராக வருகிறார்கள் சேர், அந்த வாடைதான் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் சிங்களம் விளங்காதவர் யார்? செல்வி அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

என் அப்பாவும் பால் வெட்டுகிறவர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு வகுப்பை மூடினார்கள். பழைய இரும்புக்குப் போகவிருந்த பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து அலுமாரி மேல் வைத்தேன். இருபது வருசத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

போன வாரம் ஏதோ தோன்றி, டவுனில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "இது என்ன மிஸ், எலி கிலி செத்துக் கெடக்கா?"

"அதுல மட்டும் கை வைக்காதீங்க."

இந்தப் புதன்கிழமைதான் பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தார். "டிஸ்க் இன்னும் ஒருக்கா ஓடும். அதுக்கப்புறம் சொல்ல ஏலாது மிஸ்."

வீட்டில் வந்து போட்டேன். கிர்ர்... கிர்ர்... சிவப்புக் கார் வந்தது. ஸ்கோர் பட்டியலில் முதல் மூன்று வரியும் செல்வி, செல்வி, செல்வி. நான்காவது வரியில் டீச்சர். கொஞ்ச நேரத்தில் அந்த வாடையும் மெல்ல வந்தது. அழுதுவிட்டேன்.

செல்வி அக்கா இப்போது கித்துல்கலயில், ஆற்றில் படகு விட வருகிறவர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல். தெரிந்தவரிடம் நம்பர் வாங்கி, ஸ்க்ரீனைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் கோல் வந்தது.

"டீச்சர்... நான்தானா மொதல்ல இருக்கேன்?"

"மூணுமே நீங்கதான்க்கா. ஆஃப் பண்ணா இனி ஓடுமான்னு தெரியாது." ஒரே மூச்சில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு தொரைகிட்ட நான் சொன்னது பொய்க்கா. வேலை போயிரும்னு பயம். மன்னிச்சிருங்க."



"வச்சது நான்தானே டீச்சர். வாடை எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "தெரிஞ்சும், அன்னைக்குத் தண்ணிப் பீலிக்குப் போயி மூணு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சேன்."

அக்காவே பேச்சை மாற்றினார்.

"அத ஆஃப் பண்ணிராதீங்க. ஞாயித்துக்கெழம வர்றேன். ஒரு ஆட்டம் போடணும்."

இப்போது என் லாப்டாப்பில் சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. மகள் போனில் நூறு கேம் வைத்திருக்கிறாள், காதில் மாட்டிக்கொண்டு தனியாக விளையாடுகிறாள். அன்றைக்கு ஒரே ஒரு சிவப்புக் காருக்காகப் பதினொரு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்...

இன்று வெள்ளி. மூன்று நாளாகப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. மத்தியானம் இடி இடித்தது. ப்ளக்கில் நான் கை வைக்கவில்லை.

சாயந்தரம் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அம்மா, என்ன நாத்தம் இது?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஒட்டுப்பால் இருக்கு," என்றேன். "பெட்டியத் தெறந்தது நான்தான்."