அம்மா பேசிய டேப்

1969-ல் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆம்பூரில் குடியிருந்தோம். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் அப்பா மேஸ்திரி. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு மூன்று வயதிருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். இரண்டாவது பிரசவம். குழந்தையும் தங்கவில்லை, அம்மாவுக்கும் ஜன்னி கண்டுவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் அவள் போட்ட கூச்சல் ஒன்றுதான் எனக்கு நினைவிருந்தது. வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்று, அத்தை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இவங்கம்மா புத்தி பேதலிச்சுதான் செத்தா. இவளுக்கும் புள்ள பொறக்கும்போது இன்னா ஆவுமோ."

அதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. கொஞ்சம் கோபம் வந்தாலும், சத்தமாகச் சிரித்துவிட்டாலும், இதுதான் அதன் ஆரம்பமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரிடமும் கேட்கவும் பயம்.

அந்தச் சமயத்தில்தான் மேல்விஷாரத்திலிருந்து, அப்பாவின் பழைய முதலாளி வீட்டு ஆள் வந்தார். அந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அம்மா என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருந்தாளாம். அன்று முதலாளியம்மா, வெளிநாட்டிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரில் பெண்களையெல்லாம் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார். பழைய பெட்டியை ஒழிக்கும்போது அந்த டேப் கிடைத்ததால், என்னை அழைத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உனக்கு வேணாம்னா போவ வேணாம்மா" என்றார் அப்பா.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்தக் குரலில் ஏதாவது தெரிந்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் தெரியாமலே இன்னொரு வீட்டுக்கு வாழப்போவது அதைவிடப் பயமாக இருந்தது.

முதலாளியம்மா என்னை உள்ளறையில் உட்காரவைத்தார். அப்பா திரைக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். டேப்பை ஓடவிட்டு, எனக்குச் சர்பத் எடுத்துவர முதலாளியம்மா உள்ளே போனார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அந்தக் குரல்.

அது ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. அடித்தொண்டையிலிருந்து குழறி இழுத்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நடுவே, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஊளை. எழுந்து ஓடித் திரையை விலக்கினேன். வெளியே அப்பாவும் எழுந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அத்தை சொன்னது நிஜம்தான் என்று அந்த நிமிஷம் நம்பிவிட்டேன்.

முதலாளியம்மா பதறிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"ஐயோ புள்ள, அது உங்கம்மா குரல் இல்ல. ஸ்பீடு கம்மியா இருக்குது, அதான் இப்படி இழுக்குது. நேத்து வேற டேப் போட்டுட்டு மாத்தாம உட்டுட்டேன். உக்காரும்மா."

டேப்பைப் பின்னால் ஓட்டி, ஒரு குமிழைத் திருப்பினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"இன்னா பேசறது? எனக்கு ஒண்ணும் வரலியே." கூச்சப்படுகிற, மெல்லிய குரல். சுற்றிலும் பெண்கள் சிரிக்கிறார்கள். "எம்பொண்ணு பேசுவா. ஏய், இங்க வா. அம்மா பேரு இன்னா, சொல்லு."

"அம்மா" என்றது ஒரு மழலை. அது நான்.

"அம்மா பேரு அம்மாவா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சற்றுமுன் ஊளையாகக் கேட்டது அந்தச் சிரிப்புதான்.

திரைக்கு வெளியிலிருந்து அப்பா, "இன்னொரு தரம் போடுங்கம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஜுரத்துல பெனாத்துனாம்மா. அவ்ளோதான். யாரா இருந்தாலும் அப்படித்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேசினா எனக்கு அழுகை வந்துடும்னு நான் வாயே தொறக்கல. நீ இதையா நெனைச்சிக்கினு இருந்தே?"

ஆம்பூர் வரும்வரை அவளைப் பற்றியே பேசினார்.

கல்யாணமாகி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மூத்த மகன் பிறந்தான். வலி எடுத்தபோது பயமில்லையா என்றால், இருந்தது. ஆனால் அது அந்த வார்டில் என்னோடு படுத்திருந்த எல்லாப் பெண்களுக்கும் இருந்த பயம்தான்; எனக்கென்று தனியாக ஒரு பயம் அதற்குப் பிறகு இருந்ததில்லை.